சத்தமில்லாமல் கேட்டவர்கள்

ஆசிரியர் அறையின் ஜன்னலோரத்தில் கைபேசிகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. எல்லாத் திரையிலும் பள்ளி நூலகப் பாட்காஸ்டின் ஆந்தைப் படம். ஒன்றில்கூடச் சத்தமில்லை.

"தொடாதீங்க ரூஷிட்சா, ஓடிட்டிருக்கு" என்றார் உடற்கல்வி ஆசிரியர் தாமிர். வாய் நிறைய பூரெக், இறைச்சி வைத்த எண்ணெய்ப் பலகாரம்.

"சத்தமே இல்லையே?"

"சத்தம் எதுக்கு? எத்தனை பேர் கேட்டாங்கங்கிற எண்ணிக்கை ஏறினாப் போதும். மாவட்டப் போட்டியில நாமதான் ஜெயிக்கணும்னு தலைமையாசிரியை உத்தரவு. எங்க காதையும் ஏன் வதைக்கணும்?"

நூலகர் ரூஷிட்சாவுக்கு அந்த எண்ணெய் வாயில் ஒரு அறை விடலாமா என்றிருந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட நல்ல பாட்காஸ்ட் ஒன்றைத் தேடித் தேடி அவள் அலுத்திருந்தாள். எந்தப் பள்ளியுடையதைத் திறந்தாலும் பின்னணி இசையோடு தலைமையாசிரியர் உரை. அந்த எரிச்சலில்தான் நாமே செய்வோம் என்று இறங்கினாள். யாருமே எடுத்துப் போகாத புத்தகங்களைப் படித்துவிட்டு, அவை ஏன் தூசி தின்கின்றன என்று ஏழாம் வகுப்பு லானா பேசினாள். எதிரொலி வராமலிருக்க, வரைபட அறையில் ரூஷிட்சாவின் குளிர்கால மேலங்கியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வியர்த்து வழியப் பேசினாள். அவள் பேசியது ஒரே ஒருவருக்காக. பாதி ஊரைப் போல அவள் அப்பாவும் அயர்லாந்துக்குப் போய் இறைச்சித் தொழிற்சாலையில் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

நூலகத்தில் லானா காத்திருந்தாள்.

"டீச்சர், எந்தெந்த நாட்டுல கேக்கறாங்கன்னு வரைபடத்துல தெரியுமாமே? அயர்லாந்து வந்திருக்கா?"

ரூஷிட்சா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலோரக் கைபேசிகளின் புண்ணியத்தில் குரோவேஷியா கருநீலமாக இருந்தது. அயர்லாந்து முதல் நாளிலிருந்தே வெள்ளை, அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"நாளைக்குப் பார்ப்போம், கண்ணு."

தலைமையாசிரியையை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் எழுந்தாள். நடைவழியில் கால் நின்றுவிட்டது. கைபேசியை எடுத்து, டப்ளினில் இருக்கும் சித்தி மகள் ஸ்லாவிட்சாவுக்கு இணைப்பை அனுப்பினாள்: "இதை ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட விடுடி. ஏன்னு கேக்காதே." அனுப்பிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தாமிரிடம் எதைக் கண்டு ஆத்திரப்பட்டாளோ, அதையே இப்போது தானும் செய்திருந்தாள்.

மறுநாள் அயர்லாந்து வெளிர்நீலமாகியிருந்தது.

"வந்துட்டாரு! டீச்சர், அப்பா வந்துட்டாரு!" லானா திரையில் விரலை வைத்து அழுத்தினாள். "முழுசாக் கேட்டாரா?"

"முழுசா."

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. ஸ்லாவிட்சா. "நேத்து வேலையில இருந்தேன்க்கா. சத்தத்த நிறுத்திட்டு ஓட விட்டேன். போதுமில்ல?"

ரூஷிட்சா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். தலைமையாசிரியைக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் ஒவ்வொன்றாக அவள் மேலேயே வந்து விழுந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள், அதற்குள் லானா மேலங்கியை எடுத்துக்கொண்டு வரைபட அறைக்கு ஓடியிருந்தாள்.

"பதிவு போடுங்க டீச்சர்!"

ரூஷிட்சா பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மேலங்கிக்குள்ளிருந்து அடக்கிய சிரிப்போடு குரல் வந்தது.

"அப்பா, நீங்க கேக்கறீங்கன்னு இப்ப எனக்குத் தெரியும். அதனால இந்தத் தடவை புத்தகம் வேண்டாம். உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்..."