கருகிய சீரகம்

அவனுக்கு மூக்கு போய் இரண்டரை மாதம் ஆகிறது. முகத்தில்தான் இருக்கிறது, கம்பீரமாகவே இருக்கிறது, வேலைதான் செய்வதில்லை. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது வாசனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. அன்றிலிருந்து உலகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. மழை பெய்கிறது, காப்பியில் ஆவி பறக்கிறது, எல்லாமே பாதித் தூக்கத்தில் பார்ப்பது போல.

வேறு யாருக்காவது என்றால் தொலைகிறது என்று விடலாம். இவன் ஒரு தொழிற்சாலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரன். குழம்பை நாக்கில் விட்டுப் பார்க்கிறவர்களை இளக்காரமாகப் பார்த்தவன். ஆவியில் முகத்தைக் காட்டியே பதம் சொல்வான். இப்போது காதால் சமைக்கிறான். சீரகம் படபடவென்று பொரியும் சத்தம் அடங்கினால் அடுத்த வேலை. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மனைவியிடமும் மூச்சு விடவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் பாதிதான் காரணம். மீதிக் காரணம் தொட்டிலில் கிடந்தது. பிறந்து நாற்பது நாள். "மோந்து பாருங்களேன், என்ன வாசம்!" என்று தினமும் மகளின் உச்சந்தலையை நீட்டுவாள் மனைவி. அவனும் முகர்ந்து, "ஆகா" என்பான். பெற்ற மகளின் வாசனை தெரியாத அப்பன் என்று எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம், தயிர் ஊற்றிய உருளைக்கிழங்கு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வெந்த கிழங்கைத் தோலுரித்து வைத்தான். எண்ணெய் காய்ந்ததும் சீரகத்தைப் போட்டான். ஜன்னல் வெயில் கிண்ணத்துத் தயிரில் விழுந்து மஞ்சளாக அசைந்தது. உள்ளே குழந்தை ஏதோ முனகியது. காது அந்தப் பக்கம் போய்விட்டது. முனகல் பாட்டாகி, பாட்டு மூச்சாகி, அவனும் எங்கோ மிதந்துகொண்டிருந்தான். திரும்பியபோது சத்தம் அடங்கியிருந்தது. சரிதான் என்று கிழங்கைக் கொட்டினான், மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் தூவிப் புரட்டினான், அடுப்பை அணைத்தான். இஞ்சி தட்டிப் போட்டுத் தயிரைக் கட்டியில்லாமல் அடிக்க ஆரம்பித்தான், புன்னகையோடு.

"என்னங்க, கருகி நாறுது! எனக்கே அந்த ரூம் வரைக்கும் வருது!"

மனைவி குழந்தையோடு வாசலில் நின்றாள். அவன் வாணலியைப் பார்த்தான். கிழங்குக்கு நடுவே சீரகம் கரியாகக் கிடந்தது.

மூன்றாவது வீட்டில் பால் அடிப்பிடித்தாலே இங்கிருந்து குரல் கொடுக்கிற ஆள் அவன். அவள் அவனையும் வாணலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"அந்தக் காய்ச்சல்லேர்ந்து."

"அப்போ பாப்பா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சும்மா சொன்னேன். ஒரு நாள்கூடத் தெரிஞ்சதில்ல."

வெடிப்பாள் என்று நினைத்தான். வெந்நீர் வைக்கக்கூடத் துப்பில்லை என்று அவன் கேலி செய்யும் அந்த மனைவி, குழந்தையின் தலையில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

"பாலைக் காய்ச்சி ஆற வைப்பீங்கல்ல, உறை ஊத்துறதுக்கு முன்னாடி மூடியத் திறந்தா ஒண்ணு வருமே, அது கொஞ்சம். அப்புறம் மாவு வறுக்கறப்போ, நிறம் மாறுறதுக்கு முன்னாடி வர்ற வாசம்."

"என்ன மாவு? அரிசியா, கோதுமையா?"

"அரிசி. ரொம்ப லேசா."

"தீ சின்னதா?"

"சின்னதுதான்."

அவன் தயிர்க் கையைத் துடைத்துக்கொண்டு மகளை வாங்கினான். உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து இழுத்தான். வெதுவெதுப்பு மட்டும் வந்தது. கண் கலங்கிப் போயிற்று. இந்த முறை "ஆகா" என்று சொல்லவில்லை.

"ஒண்ணும் தெரியலடி. இன்னொரு தடவ சொல்லு."

அவள் நெருங்கி வந்து, பாலிலிருந்து ஆரம்பித்தாள்.