தூணை இரண்டடி தள்ளி வைத்த கதை

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. கார்க் கதவில் விழுந்த ஒரு கீறலில் பிறந்தது. எங்கள் வீட்டுக் கார் கொட்டகையின் நடுத்தூண், சரியாக முன்சீட்டுக் கதவுக்கு நேரே நின்றது. கதவு பாதிதான் திறக்கும். ஒல்லியான ஆள் உடம்பை நெளித்து இறங்கிவிடலாம். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட என் மனைவியால் முடியாது. அதனால் ஏழு மாதமாக வண்டியைத் தெருவிலேயே நிறுத்தி, எதிர்வீட்டு ஜன்னல்கள் பார்க்க, அவளைத் தூக்கி இறக்கினேன்; பிறகுதான் கார் உள்ளே போகும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தன் வீட்டில் தானே வந்து இறங்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கண்ணீர் துளிர்க்க அவள் அந்தத் தூணைப் பார்த்தபடி..."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் எப்பங்க அழுதேன்? நல்லா ஒரு வார்த்தை திட்டினேன். அதை எழுதுங்க."

(எழுத முடியாது. எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.)

2

இரண்டாவது ஆரம்பம்: "ஞாயிறு காலை தூணைப் பிடுங்கினோம். பிறகு..."

இந்தத் தாள், தூண் வேலைக்கு வந்திருந்த தச்சர் கையில் சிக்கியது. அவருக்கு 'இன்னொருதடவை' என்றுதான் பெயர்; எதையும் ஒரு தடவை மட்டும் அளந்து விட்டவரில்லை. [ஆளை நான் ஜோடித்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். முதல் நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.] தாளை எட்டப் பிடித்துப் படித்தார்.

"சார், உங்க ரெண்டாவது வரி வர்றதுக்குள்ள கூரை விழுந்துருச்சு. கீழ கார் நிக்குது."

மேலே காட்டினார். கூரையைத் தாங்கும் உத்தரம் ஒரே மரமில்லை, இரண்டு துண்டு. இரண்டும் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தத் தூணின் தலையில்தான். தூணை நகர்த்தினால் இணைப்பு அந்தரத்தில் தொங்கும்.

"அப்போ முடியாதா?" என்றாள் மனைவி. அப்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். பயந்துபோயிருந்தாள். நானும்தான்.

"யாரு தங்கச்சி முடியாதுன்னது? வரிசையை மாத்தி எழுதச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரரை."

3

ஆகவே வரிசைப்படி. முதலில் இரண்டடி பின்னால் குழி வெட்டிக் கான்கிரீட் போட்டோம். அது இறுகியதும் இணைப்புக்கு இரு புறமும் இரும்பு முட்டு கொடுத்தோம். உத்தரத்தின் இரு பக்கமும், இணைப்பு நடுவில் வரும்படி, எட்டடிப் பலகைகள். அவற்றின் ஒரு முனை புதுத் தூண் நிற்கப்போகும் இடத்தையும் தாண்டிப் போனது. போல்ட்டுக்கான துளைகளை நான் அழகாக ஒரே கோட்டில் குறித்திருந்தேன்.

"இப்படிப் போட்டா மரம் அந்தக் கோட்டோடயே பிளந்துக்கும் சார்." மேலும் கீழுமாக மாற்றிக் குறித்தார். பன்னிரண்டு போல்ட்டையும் முறுக்கி, புதுத் தூணை நிறுத்திய பிறகுதான் பழைய தூணைப் பிடுங்க விட்டார்.

உத்தரத்துக்கு ஒரு விரல் கீழே நூல் கட்டிவிட்டு முட்டுகளை இறக்கினார். மரம் முனகியது. நூலுக்கும் மரத்துக்கும் நடுவே விரல் வைத்தார். அதே இடைவெளி.

"இன்னொரு தடவை பாருங்க மாஸ்டர்," என்றாள் மனைவி.

பார்த்தார். மயிரிழைகூட இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நான் விசிலடித்தேன், தெருவே திரும்பிப் பார்க்க. ஜெயித்துவிட்டோம் ஐயா!

4

முடிவுக்கு வேறு யோசனைகளும் வைத்திருந்தேன். ஒன்றில், முதல் மழையிலேயே உத்தரம் தொய்கிறது. விமர்சகர்களுக்கு அது பிடிக்கும். கிழித்துப் போட்டேன். எங்கள் உத்தரம் தொய்யாது. ஆசையிருந்தால் உங்கள் கதையில் தொய்ய விட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கார் கொட்டகைக்குள் நிற்கிறது. கதவு முழுக்கத் திறந்திருக்கிறது. நாற்காலியை ஒட்டி வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன்.

"நீங்க உள்ள போங்க. நான் வர்றேன்."

அவள் எப்படி இறங்கினாள், எவ்வளவு நேரமாயிற்று என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதினால் இங்கேயும் நானே அவளைத் தூக்கி இறக்கியதாகிவிடும். நான் உள்ளே போகிறேன். நீங்கள் வேண்டுமானால் நின்று பாருங்கள். கிட்டே மட்டும் போகாதீர்கள்.