புத்தகம் தைப்பவளும் இளகிய தரையும்

அச்சகத்தில் புத்தகம் தைக்கும் பெண்ணுக்கு வலிப்பு வந்தபோதெல்லாம் சிமெண்ட் தரை பிசைந்த மாவாக இளகி அவளைத் தாங்கிக்கொண்டது. நான்கு வருடங்களில் ஒரு கீறல்கூட இல்லை. விழுந்த இடங்களில் அவள் முதுகும் முழங்கையும் பதிந்த பள்ளங்கள் மட்டும் இருந்தன. தாள் வண்டியை அவற்றைச் சுற்றித் தள்ளப் பழகிவிட்டார்கள். மாத்திரைகள் கூடிக்கொண்டே போயின, ஊசி கையிலிருக்கத் தூங்கி வழிந்தாள், வலிப்போ ஓயவில்லை. அடிபடாமல் விழுகிறாளே என்பதையே பிடித்துக்கொண்டு, எல்லாம் நடிப்பு என்றான் அண்ணன். மாதக் கடைசிக்குள் உண்மை தெரியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார் ஃபோர்மேன்.

பெரிய மருத்துவமனையில் அவள் தலை முழுக்க ஒயர்களை ஒட்டி, எதிரே கேமரா வைத்துக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு வலிப்பு வந்தது. கட்டில் கால்கள் தரைக்குள் இறங்கின, ஓடிவந்த நர்ஸ் கணுக்கால்வரை புதைந்தாள், அண்ணன் முழங்கால்வரை. பதினான்கு நிமிடம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. திரையில் மூளையின் கோடுகளோ விழித்திருக்கும் யாருடையதையும்போல ஓடிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா டாக்டர்? நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கத்தினான் அண்ணன், காலை உருவ முடியாமல்.

"நடிப்பு இல்லைங்க. வலிப்பு நிஜம்தான், ஆனா காக்கா வலிப்பு இல்ல," என்றார் டாக்டரம்மா, தரையில் தாவித் தாவி வந்து. "மனசு தாங்காதத உடம்பு வாங்கிக்குது. ஏன்னு சில பேருக்குத் தெரியும், சில பேருக்குத் தெரியாது. பேசிப் பழகிக் குறைக்கலாம்மா. மாத்திரைய மெதுமெதுவா நிறுத்திடலாம்."

ஒருவர் தன்னை நம்பிவிட்ட சந்தோஷத்தில் அவள் வாய்விட்டு அழுதாள். அண்ணன் அன்று அவள் பையை வீடுவரை தூக்கிவந்தான்.

வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் போனாள். விரல் நுனிகள் மரத்துப்போவதுதான் முன்னறிவிப்பு என்று கண்டுகொண்டாள். செய்தி பரவியதும், வலிப்பு வந்து நடிக்கிறார்கள் என்று பேர்வாங்கிய பதினோரு பேர், ஒரு தபால்காரரும் கணக்கு டீச்சரும் உட்பட, அச்சக வாசலில் வந்து நின்றார்கள். அத்தனை பேரையும் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்க, விரல்கள் மரத்தன. தரை இளகத் தொடங்கியது. அவள் பாதங்களை அழுத்தி ஊன்றிக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கச் சொன்னாள்: "பசை! நூல்! கத்தரி! அட்டை! ஃபோர்மேன் மீசை!" சொல்லச் சொல்ல விரல்களில் உணர்வு திரும்பியது. வலிப்பு வரவில்லை. தரை சட்டென்று இறுகியது, சுற்றி நின்ற ஒன்பது பேரின் கால்களையும் பிடித்துக்கொண்டு. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

"வலிப்ப நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" என்றார் ஃபோர்மேன், உளியை வாங்கித் தன் காலைச் சுற்றித் தானே கொத்தியபடி. "செருப்பையாவது கழட்டி வெச்சிருப்பேன்ல!"