வலைக்குப் பின்னால் நின்றவர்கள்

1963 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, லாக்லன் கோவி தலையால் முட்டிப் போட்ட கோலோடு சேர்ந்து அவனுடைய ஏழாவது பிறந்தநாளும் அவனை விட்டுப் போயிற்று. பந்து வலையில் தங்கிவிட்டது. பிறந்தநாள் வலைக்கண் வழியாக வெளியே வந்து, பின்னால் நின்று மாட்டிறைச்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்த ஐஸ் ஆலைத் தொழிலாளி வில்லி ஸ்ட்ராக்கன் மேல் விழுந்தது. வில்லிக்கு உடனே ஒரு சிவப்பு மரப்படகு ஞாபகம் வந்தது. அப்பா செதுக்கித் தந்த படகு. அன்று சாயங்காலமே அதன் பாய் கிழிந்துபோய், அதற்காக ராத்திரி சாப்பிடாமல் படுத்தது வரை எல்லாம் வந்தது. வில்லி அநாதை விடுதியில் வளர்ந்தவன். அவனுக்கு யாரும் படகு செதுக்கித் தந்ததில்லை, பிறந்தநாள் எதுவென்றே தெரியாது. கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதான். கோல் விழுந்த சந்தோஷத்தில் அழுகிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பார்வையாளர்கள் 1,142 பேர், காற்று வடகிழக்கு, இரண்டுக்கு ஒன்று என்று எங்கள் ஊர் அணி கிரெய்க்ஹேவன் ரோவர்ஸ் ஜெயித்தது.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஊர் வாரப் பத்திரிகையில் ஆட்டக் குறிப்பு எழுதியவன் நான்தான். லாக்லன் பதினைந்து சீசன் ஆடினான், வேறு எந்த அணிக்கும் ஆடவில்லை. மொத்தம் 244 கோல். அதில் காலால் போட்டது 31, தலையால் போட்டது 213. படகு கட்டுகிற தச்சரின் மகன், ஆறடி இரண்டு அங்குலம். பந்து காலுக்கு வந்தால், இதை யார் இங்கே வைத்தது என்பது போல நிற்பான். தலைக்கு வந்தால் கதையே வேறு. எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் கடல். அலை எம்பி வந்து கார்னர் கொடியை நனைத்துவிட்டுப் போகும். அந்தக் காலத்துத் தோல் பந்து தண்ணீரை உறிஞ்சி, ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். அதை நெற்றியால் வாங்குவான். பந்து எவ்வளவு ஈரமோ, அவ்வளவு பெரிய ஞாபகம் போகும் என்று பிறகு கண்டுபிடித்தோம். காலால் போட்ட கோலில் ஒன்றும் போகாது, அது வெறும் கோல்.

அடுத்த ஈஸ்டர் வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தபால்காரனுக்கு லாக்லனுடைய முதல் நீச்சல் கிடைத்தது. பேக்கரிக்காரிக்கு அவன் பாட்டனாரின் சாவு கிடைத்தது, அவள் ஒரு மாதம் கறுப்பு உடுத்தினாள். வில்லி தன் பிறந்தநாளை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் லாக்லனிடம் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. சொன்னால் முட்டுவதை நிறுத்திவிடுவான், நிறுத்தினால் அணி கடைசி இடத்துக்குப் போகும், போனால் மைதானத்துக்குப் பூட்டுதான். இப்படி எங்களுக்கு நாங்களே நியாயம் சொல்லிக்கொண்டோம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், எங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. எங்கள் சொந்த ஞாபகங்களில் என்ன இருந்தது? உப்புப் பீப்பாய், குளிர், கையில் மீன் வாடை. அவனுடையது நல்ல ஞாபகங்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது, ஜனங்களும் மைதானத்தைச் சுற்றி நடந்து, நம் ஆள் கோல் போடப்போகிற வலைக்குப் பின்னால் போய் நிற்பது எங்கள் ஊர் வழக்கம். முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஆற அமர நடப்பார்கள். பிறகு அது ஓட்டமாகிவிட்டது. முழங்கை இடி வாங்கி இரண்டு பேருக்குப் பல் போனது. நானும் பத்திரிகைக்காரர் நாற்காலியை விட்டுவிட்டு அங்கேதான் நின்றேன், வெட்கங்கெட்டவன்.

அணியின் பயிற்சியாளர் ஜாக் ரிட்ச்சி. யாராவது அடிபட்டு விழுந்தால் வாளியும் பஞ்சுமாக ஓடிவந்து, பச்சைத் தண்ணீரைத் தலையில் பிழிவார். லாக்லன் முட்டிவிட்டுத் தள்ளாடும் போதெல்லாம் இரண்டே கேள்வி கேட்பார்.

"பேரு என்ன மகனே?"

"லாக்லன் கோவி."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி."

"அவ்வளவுதான், எந்திரி."

மூன்றாவது கேள்வி ஒன்றை அவர் கேட்டதே இல்லை. 1967-ல் கிளாஸ்கோவிலிருந்து பெரிய அணி ஒன்று ஆள் அனுப்பியது. ஊரே அவன் வீட்டு வாசலில் போய் நின்றது. "எங்கள விட்டுட்டுப் போயிருவியா லாக்கி? நாங்க உன் சொந்தக்காரங்க மாதிரிடா!" என்று வில்லி கண்ணைத் துடைத்தான். அவன் சொன்னதில் தப்பில்லை, லாக்லனின் ஏழாவது வயது அவனிடம்தானே இருந்தது. லாக்லன் சிரித்துக்கொண்டே கிளாஸ்கோக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

அவன் மனைவி எல்ஸ்பெத் பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக் கொடுப்பவள். கால்பந்து அவளுக்கு ஆகாது, மைதானப் பக்கமே வரமாட்டாள். கல்யாண நாள் அவனுக்கு மறந்துபோகும். தேனிலவுக்குப் போன தீவு மறந்துபோகும். "ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான் போல" என்று பத்து வருஷம் திட்டிக்கொண்டே குடித்தனம் நடத்தினாள். 1974 மார்ச்சில் மீன் வறுவல் கடை வரிசையில் நின்றபோது, மீன் வெட்டுகிற ஜெஸ்ஸி ஸ்லேட்டர் அவள் கோட்டைத் தடவிப் பார்த்து, "அந்தப் பச்சைப் பொத்தான் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லையா கண்ணு?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லாக்லன் எல்ஸ்பெத்துக்கு முதல் முத்தம் கொடுத்தபோது, வலை உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் அறுந்து விழுந்த பொத்தான் அது. உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எல்ஸ்பெத் மீன் பொட்டலத்தை வாங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

"லாக்கி, பச்சைப் பொத்தான் ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பொத்தான்?" என்றான் அவன், ரொம்ப மரியாதையாக.

அந்தச் சனிக்கிழமை அவள் முதல் தடவையாக மைதானத்துக்கு வந்தாள். நேரே வலைக்குப் பின்னால் வந்து, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றாள். "எத்தனை பேருகிட்ட என் புருஷன் இருக்கான்? கையத் தூக்குங்க பாப்போம்" என்றாள். முதலில் வில்லி தூக்கினான், ஜெஸ்ஸி தூக்கினாள், பாதிரியார் தூக்கினார், நானும் தூக்கினேன். ஏறக்குறைய இருநூறு கை. "பத்து வருஷம்! பத்து வருஷமா அந்த மனுஷனத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ஒருத்தருக்குக் கூடவா வாயில்லாமப் போச்சு? நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்று அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே, அவள் முதுகுக்குப் பின்னால் இடது பக்கமிருந்து பந்து உயர்ந்து வந்தது. லாக்லன் எழும்பினான். கோல். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: தூக்கிய கையை இறக்காமலே நாங்கள் ஆர்ப்பரித்தோம். அன்றைக்கு விழுந்தது எல்ஸ்பெத்தின் அம்மா அவனுக்குப் போட்ட முதல் சாப்பாடு. மைதானத்து வாயிற்காவலனுக்குக் கிடைத்தது.

அன்று வீட்டில் அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டான். "அப்படியா! இந்த ஊரா? வில்லியா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். இனிமேல் தலையால் தொடவே மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். அதற்கடுத்த இரண்டு சீசனில், கடைசி ஆட்டத்துக்கு முன்பு வரை, அவன் போட்டது நான்கே கோல், எல்லாம் காலால். உயரப் பந்து வந்தால் குனிந்துகொள்வான். ஊர் அவனைப் பார்த்து ஊளையிட்டது. ஆமாம், இருநூறு பேரிடம் இருந்த அந்த மனிதனைப் பார்த்துத்தான். "குனிஞ்சு என்னடா தேடுற, பொத்தானா?" என்று ஒருவன் கத்தினான். அதற்கும் சிரித்தார்கள்.

1976 ஏப்ரல், கடைசி ஆட்டம். ஒரு கோல் விழுந்தால் அணி பிழைக்கும், இல்லாவிட்டால் கலைப்பு. எல்ஸ்பெத்துக்கு மனசு கேட்கவில்லை. சத்தியத்தை நம்பினாள், ஆனாலும் வந்து வலைக்குப் பின்னால் முதல் வரிசையில் நின்றாள். பக்கத்தில் நெருக்கிய வில்லியை முழங்கையால் ஒரே இடி. "தள்ளி நில்லு. இனிமே ஏதாவது விழுந்தா அது எனக்குத்தான்." எண்பத்தெட்டாவது நிமிடம், கார்னர். லாக்லன் வலைக்குப் பின்னால் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு எழும்பி முட்டினான். பந்து வலையில் தங்கியது, மற்றது நேராக அவள் மார்பில் வந்து விழுந்தது.

அவளுக்கு வந்தது இதுதான். 1964 ஜனவரி, உடைமாற்றும் அறை. ரிட்ச்சி அவன் முன்னால் மண்டியிட்டு, "மகனே, இதுக்கு மேல எனக்கு மறைக்க முடியல. நீ முட்டுற ஒவ்வொரு தடவையும் உன் வாழ்க்கை கொட்டிப்போகுது. ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. நிறுத்திரு" என்கிறார். லாக்லன் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே யோசிக்கிறான். கல்யாணமாகி இரண்டு வருஷமான எல்ஸ்பெத்தை யோசிக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்கிறது. இரண்டையும் வைத்துப் பார்க்கிறான். சத்தம்தான் பெரிதாக இருக்கிறது. "எல்ஸ்பெத்துக்கு மட்டும் தெரிய வேணாம் ஜாக்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். அந்த எழுந்துபோன சந்தோஷமும் சேர்ந்தேதான் அவளுக்கு வந்தது. சத்தத்தை அவளும் கேட்டாள், அது அவளுக்கும் இனித்தது. கரண்டியைப் போட்டது, தலையில் கைவைத்தது எல்லாம் நடிப்பு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆனால் அந்த ஒரு ஞாபகமும் போய்விட்டதால், மைதானத்தில் நின்றிருந்த லாக்லன் அந்த நிமிடத்திலிருந்து ஒன்றும் அறியாதவன். தன்னை ஊர் ஏமாற்றியது என்று மட்டுமே தெரிந்தவன்.

இதை அவள் பத்து வருஷம் கழித்து எனக்கு மட்டும் சொன்னாள். "உன் பேப்பர்ல போட்டுராத டேவி" என்றாள். மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. அணி பிழைத்தது, இன்னும் ஆடுகிறது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கோவி வீட்டு வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் அவனுடையதை அவனுக்குச் சொல்கிறார்கள். வில்லி சிவப்புப் படகைச் சொல்வான். ஜெஸ்ஸி பொத்தானைச் சொல்லும்போது எல்ஸ்பெத் சமையலறைக்குப் போய்விடுவாள். லாக்லன் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கே" என்பான், பக்கத்து ஊர்க் கதை கேட்டவன் போல. கடைசி ஆள் போனதும் ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி.

"கடைசி கோலுக்கு நீதானே பின்னாடி நின்ன எல்ஸ்பெத்? உனக்கு என்ன வந்துச்சு?"

அவள் அவனுக்கு டீ ஊற்றுவாள், இரண்டு சர்க்கரை போடுவாள், கலக்குவாள். "எனக்கு ஒண்ணும் வரலை. அன்னிக்குக் காத்து பலமா இருந்துச்சு லாக்கி. கடலுக்குப் போயிருக்கும்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பான். பிறகு டீயைக் குடிப்பான். அன்றைய குறிப்பு என்னிடம் இருக்கிறது: பார்வையாளர்கள் 2,306 பேர், ஒன்றுக்குப் பூஜ்யம், காற்று இல்லை.