கூரையில் ஒரு மேசை

கோடை தொடங்கிய வாரத்தில் அந்த வீட்டின் இளைய மருமகள் கூரையின் உட்புறத்தில் மேசை போட்டு, தலைகீழாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். மேசைக் கால்கள் புதிதாக அடித்த சுண்ணாம்பைக் கீறிவிடும் என்பது மட்டும்தான் அப்போது மாமியாருக்கு இருந்த கவலை.

மருமகளையும் குறை சொல்வதற்கில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவள், பரிசோதிப்பவளாக உயர ஒரு தேர்வு எழுத வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதிலும் தவறினால் ஆயுசுக்கும் குழாய்தான். படிக்க இடம் தேடி அந்த இரண்டு அறை வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். அடுக்களை மேடையில் ஆவி பட்டுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. கட்டிலில் புத்தகத்தைப் பிரித்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. மொட்டை மாடியில் வெயில். கூடத்தில் மாமியாரின் தையல் இயந்திரம், மாமனாரின் இருமல், மூத்த மருமகளின் பிள்ளைகளுடைய அடிதடி. மிச்சமிருக்கும் காலி இடம் மேலேதான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பளிச்சென்று பட்டது. சுவரில் நடந்து போய்ப் பார்த்தாள். வெளிச்சம் இருந்தது, யாரும் அங்கே துணி உலர்த்தியிருக்கவில்லை. வேன் ஓட்டும் கணவன் ஏணி வைத்து மேசையையும் நாற்காலியையும் தூக்கிக் கொடுத்தான். அவள் கை பட்டதும் அவையும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டன. மேசையைத் தாண்டி உருள்வது மட்டும் கீழே வந்தது. அழிரப்பர் ஒருமுறை மாமனாரின் தேநீரில் விழுந்தது. அவர் அதைத் துடைத்து, "இந்தாம்மா" என்று மேலே எறிந்தார்.

தகராறு மின்விசிறியால் வந்தது. மற்றவர்களுக்கு அது தலைக்கு மேலே. அவளுக்கோ முழங்கால் உயரத்தில், மேசைக்குப் பக்கத்திலேயே சுழன்றது. காகிதமெல்லாம் பறந்தது. நிறுத்தினால், நேர் கீழே மாமியார் வேர்த்து விறுவிறுத்துப் போனாள். கடைகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவள் அவள். வெள்ளைத் துணியில் வியர்வைக் கறை பட்டால் எந்தக் கடைக்காரன் வாங்குவான்?

"மெஷினக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன், அத்தை."

"எங்க தள்ளறது? இடமில்லேன்னுதானே நீயே மேல போன."

விசிறி ஓடியது. மருமகள் ஒரு கையால் காகிதங்களையும் மறு கையால் பின்னலையும் பிடித்துக்கொண்டு படித்தாள். படித்தது எதுவும் தலையில் ஏறவில்லை. தேர்வு நெருங்கிய ஒரு மத்தியானம், தைத்துக்கொண்டிருந்த உறையின்மேல் ஒரு சொட்டு ஈரம் விழுந்ததை மாமியார் பார்த்தாள். காற்று இவ்வளவு வீசும்போது ஏது வியர்வை என்று அண்ணாந்தாள். மருமகள் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்; கண்ணீர் மேசை ஓரத்தில் வழிந்து உருண்டது. மாமியார் எழுந்துபோய் விசிறியை நிறுத்தினாள். மணிக்கட்டுகளில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தேர்வு முடியும்வரை அந்தப் புழுக்கத்திலேயே தைத்தாள். சில உறைகள் திரும்பி வந்தன. அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

மருமகள் தேறினாள். செய்தி வந்ததும் மாமியார் முட்டி வலியோடு சுவரேறிப் போய் அவள் கன்னத்தை வழித்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இவ்வளவு எடத்த சும்மா விட்டுட்டு, கீழ கெடந்து இடிச்சுக்கிட்டிருந்தோமே."

மறுநாளே தையல் இயந்திரம், படிப்பவளுக்குத் தொந்தரவில்லாமல், அடுத்த அறையின் கூரைக்கு ஏறியது. மருமகள் அடுத்த படிப்புக்கு விண்ணப்பித்தாள். உறை வாங்க வரும் கடைக்காரர்கள் இப்போதெல்லாம் அண்ணாந்தபடிதான் பேரம் பேசுகிறார்கள். கழுத்து வலிக்கிறது என்றால், "அப்ப மேல வந்து பேசுங்க" என்கிறாள் மாமியார். சிலர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, ஏறிப் போகிறார்கள்.