பத்து இருபது

கொசு கடித்து வந்த காய்ச்சல் விட்ட பதினேழாம் நாள் காலை ஆறு மணிக்கு, காஜாக்காரியின் வீட்டில் மடங்கக்கூடிய பொருள் எதுவும் மடங்கவில்லை. கதவு திறக்கவில்லை, குடை விரியவில்லை, கத்தரிக்கோல் வாயைப் பிளக்கவில்லை. கட்டிலில் அவளுடைய விரல்களும் முழங்கால்களும் அதே நிலையில் கிடந்தன. பத்து மணி இருபது நிமிடத்துக்கு அவளால் கையை மூட முடிந்தது. அதே நிமிடம் கதவும் திறந்துகொண்டது. அன்றிலிருந்து தினமும் ஆறுக்குப் பிடிக்கும், பத்து இருபதுக்கு விடும்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் நுழையாத வீடு தெருவில் கிடையாது. மற்றவர்கள் ஒரு மாதம் நொண்டிவிட்டுத் தேறினார்கள். அவளுக்குக் காய்ச்சல் போய் வலி தங்கிவிட்டது. சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளைகளுக்குக் கையால் காஜா எடுக்கிறவள் அவள். கணவன் பூட்டு ரிப்பேர்காரன். துரு என்று முடிவுகட்டி, கீல்களையெல்லாம் கழற்றி எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினான். மறுநாளும் அதே கதைதான். "மிச்சம் இருந்தா எனக்கும் ரெண்டு சொட்டு விடுங்களேன்," என்றாள் அவள். அதன்பிறகு கதவைச் சாத்தாமலே படுத்தார்கள்.

அடுத்த வீட்டிலிருந்த நாத்தனாருக்கு அந்தக் காய்ச்சல் வரவேயில்லை. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. சாயங்காலம் தம்பி மனைவி எழுந்து நடமாடுவதைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் மூணு நாள்ல போச்சு, நடிப்புதான் போகமாட்டேங்குது," என்று தெருவே கேட்கச் சொன்னாள்.

கம்பெனி எட்டு மணிக்குத் தொடங்கும். பதினொன்றுக்கு வர அனுமதி வேண்டுமென்றால் கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் வேலை போய்விடும். காலையில் அவளால் கட்டிலைவிட்டு இறங்கவே முடியாது. தலைவாரி, இருப்பதில் நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு மாலை நான்கு மணிக்குப் போனாள். டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். மடங்கித் தொலைத்தது.

"நல்லாத்தானேம்மா இருக்கீங்க?"

"காலையில பாருங்க சார். வீட்டுக் கதவுகூடத் திறக்காது."

"அப்ப காலையில வாங்க."

"காலையில வர முடிஞ்சா நான் எதுக்கு சார் உங்ககிட்ட வர்றேன்?"

இரண்டு முறை இப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை அவருக்குக் கோபம் வந்து, தானே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடி ஐந்தே முக்காலுக்கு வந்துவிட்டார். கணவன் பூட்டுக்காரன் என்பது தெரிந்ததும் அவருக்குச் சந்தேகம் வலுத்தது. அவனை வெளியே நிற்கச் சொல்லி, சாட்சிக்கு நாத்தனாரை உள்ளே அழைத்துக்கொண்டு, தன் கையாலேயே கதவைச் சாத்தினார். "சாத்தாதீங்க சார்!" என்று கட்டிலிலிருந்து வந்த குரலை அவர் சட்டை செய்யவில்லை.

மணி ஆறு அடித்தது. டாக்டரின் பை திறக்கவில்லை. கண்ணாடிக் காம்பு மடங்கவில்லை. உட்காரப் போனார், முழங்கால் மடங்கவில்லை. அவரும் காய்ச்சல் காணாத உடம்பு. அதைப் பார்த்துச் சிரித்து வாயைப் பொத்தப் போன நாத்தனாரின் கை பாதியிலேயே நின்றது. பிறகு வலி வந்தது. நாத்தனார் முதலில் டாக்டரைத் திட்டினாள், அப்புறம் கொசுவை. எட்டு மணிக்கு மேல் அழுதாள். வெளியே பூட்டுக்காரன் தோளால் முட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மூச்சை மெதுவா விடுங்க அண்ணி," என்றாள் காஜாக்காரி. "கடிகாரத்தைப் பார்க்காதீங்க. பார்த்தா முள்ளு நகராது."

"தினமுமாடி?"

"மழைன்னா இதைவிட மோசம்."

பத்து இருபதுக்குக் கதவு திறந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டு, காரணம் என்ற இடத்தில் 'நானே பட்டேன்' என்று எழுதினார்.

வேலை நிலைத்தது. வலியும் நிலைத்தது. நாளுக்கு எடுத்த காஜா பாதியாகக் குறைந்தது. கம்பெனியில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. தெருக்காரர்கள் அவள் வீட்டுக்குப் பத்தரைக்கு மேல் வரப் பழகினார்கள். நான்காம் வருடம் ஒரே ஒரு நாள், காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக் கதவு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. உயிர்தான் போய்விட்டதோ என்று நாத்தனார் தலைவிரிகோலமாக ஓடினாள். தம்பி மனைவி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தாள். நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்து கூந்தலை முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை நாத்தனார் வாசலில் நின்றபடியே, திறந்து கிடந்த கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. "சரிம்மா, பத்து இருபதுக்கு வர்றேன்," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.