ஓடாமல் நிற்பதைக் கழற்றலாம்

படையெடுத்து வந்தவர்களில் கடைசியில் ஒரே ஒருவன்தான் மிஞ்சினான். ஆனால் காலையில் பெயர் கூப்பிட்டபோது ஒன்றுகூடக் குறையாமல் எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. ஊரில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. பாலம் உடைந்தால் அப்படித்தான் ஆகும் என்பார்கள்.

வந்த அன்று அவர்கள் இருந்த இருப்பே வேறு. தபால் நிலையத் தெரு முழுக்க லாரிகள் நின்றன. தளபதி தபால் நிலையத்து மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், அதன் பிறகு எழுந்திருக்கவேயில்லை. ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதை அவர்களே நம்பியதால் ஒரு வாரத்துக்கு மேல் எதையும் கொண்டுவரவில்லை. மிச்சமெல்லாம் பின்னால் வரும். பின்னால் வருவதற்கு ஒரு பாலமும் ஒரு ரயில் பாதையும்தான் இருந்தன. ஊரான் ஊரைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வந்த வழியைக் காக்கத் தெரியவில்லை. மழைக்கு முன்பே எங்கள் ஆட்கள் பாலத்தை வெடிவைத்து ஆற்றில் சாய்த்தார்கள். தண்டவாளத்தை யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வருஷம் பல வீடுகளுக்குப் புது உத்தரம் வந்தது என்பது மட்டும் உண்மை.

முதலில் டீசல் தீர்ந்தது, பிறகு டயர், பிறகு பேட்டரி. தளபதி யோசித்து ஓர் ஆணை போட்டார். ஓடாமல் நிற்பதைக் கழற்றி ஓடுவதில் மாட்டலாம், ஓடுவதைத் தொடக் கூடாது. இதைக் கண்டுபிடித்ததற்காக அவரே தனக்கு ஒரு பதக்கம் குத்திக்கொண்டார். கழற்றி மாட்டுகிற வேலை தெருமுனைப் பட்டறைக்காரர் தலையில் விழுந்தது. அவருடைய வலது கையை இஞ்சின் மேல் வைத்தால் போதும், எங்கே கோளாறு என்று கைக்குத் தெரிந்துவிடும். வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்க, அவர் மூன்று லாரியை இரண்டாக்கினார், இரண்டை ஒன்றாக்கினார். அந்த ஒன்று தெருவை ஒருமுறை கம்பீரமாகச் சுற்றிவந்து பட்டறை வாசலிலேயே படுத்துவிட்டது.

லாரிகள் தீர்ந்ததும் ஆட்களில் ஆரம்பித்தார்கள். இது அவர்களுடைய சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்க்காரனின் யோசனை. சொன்னதைச் சொன்னபடி செய்வதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆள் அவன். வண்டியை மட்டும்தான் என்று ஆணையில் இல்லையே என்றான். காய்ச்சலில் படுத்துக்கிடந்தவனின் முழங்காலை, காவலுக்கு நடக்கிறவனுக்கு மாட்டச் சொன்னான். பட்டறைக்காரர் முடியாது என்றார். துப்பாக்கி நெற்றிக்கு வந்ததும் பதினேழாம் நம்பர் ஸ்பானரையும் கொஞ்சம் கிரீஸையும் எடுத்தார். ரத்தமில்லை, வலியில்லை. அப்புறம் ஒருவன் காது இன்னொருவனுக்குப் போனது, ஒருவன் பல் இன்னொருவனுக்குப் போனது. முழுக்கக் கழன்றவனின் சட்டையை மடித்து வைத்துவிட்டு, அவன் பெயரை அடுத்தவனுக்குக் கொடுத்தார்கள். படை முழு பலத்துடன் இருக்கிறது என்று அவர்களுடைய தலைநகர் வானொலி தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்று எங்கள் டீக்கடையில் அதற்குப் பதில் சொன்னார்கள், மெதுவாகத்தான்.

கடைசியில் ஸ்டோர்க்காரனும் இன்னொருவனும் தளபதியும் மிஞ்சினார்கள். அந்த இன்னொருவனின் வலது கை தேய்ந்து போயிருந்தது. தளபதி மாடியிலிருந்தபடி பட்டறையைப் பார்த்து விரலை நீட்டினார். பட்டறைக்காரரின் வலது கை வேண்டும் என்றார். ஆனால் ஓடுகிற கையைத் தொட முடியாதே. அது எப்போது ஓய்கிறது என்று பார்ப்பதற்காக ஸ்டோர்க்காரன் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் உட்கார்ந்துவிட்டான்.

பட்டறைக்காரரின் மனைவி அந்தக் கையை ஓயவிடவில்லை. சாப்பிடும்போது அவள் ஊட்டினாள், அவர் கை மரையைத் திருகியபடி இருந்தது. அவர் தூங்கினால் கையைத் தன் மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே விழித்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து வந்து உதவினார்கள். அந்தக் கை போனால் அடுப்பு எரியாது, அது ஒரு பக்கம். அந்தக் கை தன் தோளைத் தொடாமல் மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். ஒரு மத்தியானம் அவளால் முடியவில்லை. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஓடுற கையையே முறைச்சு முறைச்சுப் பாக்குறியே, வந்த நாள்லேர்ந்து மாடியில ஒண்ணு அசையாம குந்திக்கிட்டிருக்கே, அது உன் கண்ணுல படலயா?” என்று கத்தினாள்.

அவள் திட்டத்தான் திட்டினாள். ஸ்டோர்க்காரனுக்குத் திட்டும் புரியாது, கிண்டலும் புரியாது. மாடியை எட்டிப் பார்த்தான். பிறகு முக்காலியை மடக்கிவிட்டு, “ஸ்பானரை எடுத்துக்கிட்டு வாங்க” என்று பட்டறைக்காரரைக் கூப்பிட்டான். அன்றுதான் முதல்முறையாகத் துப்பாக்கியைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

தளபதி கத்தினார், மிரட்டினார், பதக்கத்தைக் காட்டினார். “ஆணை உங்களோடதுதான் சார்” என்றான் ஸ்டோர்க்காரன், சல்யூட் அடித்தபடி. கழற்றிப் பார்த்தால் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. முழங்கால்கள் தேயவே இல்லை. மூளை சீல் உடைக்காமல் இருந்தது. முதுகெலும்பைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. வலது கையை அந்த இன்னொருவனுக்கு மாட்டினார்கள். அதற்கு ஒரு விரலை நீட்ட மட்டும் தெரிந்தது. ஒரு டம்ளரைக்கூட அதனால் பிடிக்க முடியவில்லை.

ஸ்டோரில் எதுவும் இல்லாததால் தானும் ஓடாமல்தான் நிற்கிறோம் என்பது இரண்டு நாள் கழித்து ஸ்டோர்க்காரனுக்கே உறைத்தது. தன்னையும் கழற்றச் சொல்லித் தானாகவே பட்டறைக்கு வந்து நின்றான். இப்படித்தான் அந்த இன்னொருவன் மட்டும் மிஞ்சினான். அவனுடைய ஒரு கால் நெட்டையனுடையது, இன்னொன்று குட்டையனுடையது. நேராக நடந்தாலும் தபால் நிலையத்தைத்தான் சுற்றிவருவான். தினமும் காலையில் தானே பெயர் கூப்பிட்டு, தானே வேறு வேறு குரலில் உள்ளேன் என்பான். பட்டறைக்காரரின் மனைவி முணுமுணுத்துக்கொண்டே அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

சண்டை முடிந்து, பாலத்தை எங்கள் ஆட்களே மறுபடியும் கட்டினார்கள். அதன் மேல் முதலில் வந்தது அந்தப் படைவீரன் ஒருவனின் தாய். மிஞ்சியவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இடது காது மடலில் இருந்த வெட்டுத் தழும்பைக் கண்டதும் அதனருகே குனிந்து, “சாப்டியாடா?” என்று கேட்டாள். “சாப்டேம்மா” என்றது யாருடையதோ ஒரு வாய். பட்டறைக்காரர் ஸ்பானரை எடுத்தார். அந்தக் காதைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் காதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். வீட்டில் வைத்து வேளா வேளைக்குச் சாப்பாடு போட்டதில் மீதியும் வளர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். கேள்விப்பட்ட மற்றத் தாய்மார்களும் வந்தார்கள். ஒருத்தி முழங்காலை அடையாளம் கண்டாள், ஒருத்தி சிரிப்பைக் கேட்டே கண்டுபிடித்தாள். ஸ்டோர்க்காரனுக்கும் ஒரு தாய் இருந்தாள். அந்தப் படை வந்த வழியே, பைகளிலும் மடிகளிலும் ஊர் திரும்பியது.

தளபதியுடைய எதையும் கேட்டு யாரும் வரவில்லை. கடைசியில் கழன்று அலமாரியில் கிடந்த அவருடைய கை எப்போதும் யாரையாவது காட்டிக்கொண்டே இருந்ததால் எரிச்சலான பட்டறைக்காரரின் மனைவி, அதை எடுத்துத் தெருமுனைக் கம்பத்தில் பாலத்தைப் பார்க்கத் திருப்பிக் கட்டினாள். ஆறு வருஷமாக மழையிலும் வெயிலிலும் அங்கேதான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போக வழி கேட்டால், அந்தக் கை காட்டுகிற பக்கம் போங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம்.